திருவொற்றியூரில் ஒரு நாள்: ஜிப்சிக்குள் ஜாக்கி மாட்டிய கதை

நேற்று இரவு பத்தரை மணிக்குத்தான் வீடு திரும்பினேன். விரல் இடுக்கில் ஒட்டிய ப்ரைமர் இன்னும் போகவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் பழவேற்காட்டில், ஏரிக்கரை மணல் பாதையில் எங்கள் மாருதி ஜிப்சி ஜீப் அச்சு வரை புதைந்தது. வண்டியோடு இருந்த சின்ன ஜாக்கியை வைத்துத் தூக்கினோம். வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கியது. அந்த வழியாக வந்த டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுக்க 2,500 ரூபாய் கேட்டார். ஐந்து நிமிட வேலை! பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, கொடுத்தோம். அந்த எரிச்சலில்தான் ஊர் திரும்பிய வாரமே நாலடி நீள ஹை-லிஃப்ட் வகை ஜாக்கி (கம்பத்தில் படிப்படியாக ஏறி வண்டியை உயரத் தூக்குவது) ஒன்றைப் பாதி விலைக்குப் பழையதாக வாங்கினேன்.

வாங்குவது சுலபம், மாட்டுவதுதான் பாடு. 48 அங்குல நீளம், கிட்டத்தட்ட 13 கிலோ இரும்பு. சும்மா பின்னால் போட்டுவைத்தால், பிரேக் அடித்த வேகத்தில் முன் சீட்டுக்காரரின் முதுகில்தான் வந்து இறங்கும். வீட்டுக்குப் பக்கத்தில் கார் அலங்காரக் கடையில் விசாரித்தேன். கூரை மேல் கேரியர் போட்டு அதில் கட்டித் தர 14,000 ரூபாயாம். ஜாக்கியின் விலையே அதில் பாதி இல்லை. முன்னால் கம்பி பம்பர் வைத்து அதில் மாட்டலாம் என்றும் சொன்னார்கள். அப்படிப்பட்ட பம்பர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதை மறைத்து விற்பது சரியில்லை.

நண்பன் ஒருவன், "வடக்கே போ, திருவொற்றியூரில் கேள்" என்றான். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு என்று இரும்போடு வளர்ந்த பகுதி அது. காலை ஏழு மணிக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பினேன். ராயபுரம் வரை சொல்ல ஒன்றுமில்லை. காசிமேடு தாண்டியதும் கன்டெய்னர் லாரி வரிசை பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் டீசல் புகை. நான்கு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். லாரி ஓட்டுநர்கள் இறங்கி டீ குடித்துவிட்டு மறுபடி ஏறினார்கள். அப்போதும் வரிசை நகரவில்லை. இந்தச் சாலையில் தினமும் போய்வருபவர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

பட்டறை, தேரடியிலிருந்து கடல் பக்கம் போகும் ஒரு தெருவில் இருந்தது. மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். ஜாக்கியைக் கையில் வாங்கியவர், மாட்டுவதைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் ஏறும் பின்களைத் தட்டிப் பார்த்தார். இரண்டு பின்களும் மாறி மாறி கம்பத்தின் துளைகளில் நுழைந்து ஏறுவதுதான் இந்த ஜாக்கியின் மொத்த வித்தை. அதில் ஒன்று துருவில் சிக்கியிருந்தது.

"தம்பி, இதை வெளியே மாட்டினால் ஆறே மாதம்தான். எங்கள் ஊர் உப்புக்காற்றில் வாயிற்கதவே அரித்துப்போகிறது. பின்னுக்குள் மணலும் துருவும் புகுந்துவிட்டால், வேண்டிய நேரத்தில் அது ஏறாது."

"பின் கதவில், ஸ்டெப்னிக்கு மேலே மாட்டலாமா அண்ணா?"

பதில் சொல்லாமல் கதவைத் திறந்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். கீல் ஏற்கெனவே ஆடியது. ஸ்டெப்னியின் பாரமே அதற்கு அதிகம். இன்னும் 13 கிலோவா?

கடைசியில் முடிவானது இதுதான்: வண்டிக்குள்ளேயே, பின் சக்கர மேட்டை ஒட்டித் தரையோடு படுக்க வைப்பது. பின் சீட்டை நான் எப்போதோ கழற்றிவிட்டதால் இடம் இருந்தது. பாரம் தாழ்வாக இருக்கும், தூசி படாது, திருட்டும் போகாது. துளை போடுமுன் மேஸ்திரி வண்டிக்கடியில் படுத்து, பெட்ரோல் டாங்க் எங்கே, பிரேக் குழாய் எங்கே என்று விரலால் தடவிப் பார்த்துச் சாக்பீஸால் குறித்தார். அந்தப் பத்து நிமிடத்துக்கே அவருக்குக் கூலி கொடுக்கலாம். 6 மில்லிமீட்டர் தகட்டில் இரண்டு தாங்கிகள். தரைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எதிர்த்தகடு, இல்லையென்றால் மெல்லிய தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு போல்ட் வந்துவிடும். ஜாக்கிக் கம்பத்தில் வரிசையாக இருக்கும் துளைகளிலேயே போல்ட் நுழைந்து முடுக்கப்படுகிறது. இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்கப் பழைய லாரி ட்யூபை வெட்டி இடையில் வைத்தார். நான் கொண்டுபோன காதுவைத்த நட்டுகளைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, அதிர்வில் கழலாத நைலான் நட்டு போட்டார்.

பெயின்ட் காய இரண்டு மணி நேரமாகும் என்றார். தேரடி மெட்ரோ நிலையத்துக்கு ஆட்டோவில் ஏறினேன், நடந்தே போகும் தூரத்துக்கு 150 ரூபாய் பிடுங்கினார்கள். மண்ணடியில் இறங்கி, பர்மா பஜார் பின்பக்கத் தெருவில் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ். ஆகா! மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே மொறுமொறுவென்று பேஜோ என்னும் தட்டையை நொறுக்கிப் போட்டுத் தந்தார் கடைக்கார அக்கா. கூடவே கிண்ணத்தில் ஆவி பறக்க வாழைத்தண்டு சூப். முட்டைக்குள் வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்து ஒன்று தருகிறார்கள். நான் மூன்று தின்றேன். எல்லாம் சேர்த்து ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூட. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த இந்த உணவைத் தின்னாமல் யாரும் வடசென்னையைச் சுற்றிப் பார்த்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது.

திரும்பியதும் மேஸ்திரி என்னையே தூக்க வைத்தார். இரண்டடி மரப்பலகை ஒன்றைத் தரையில் போட்டு, அதன் மேல் ஜாக்கியின் அடித்தட்டு. மணலில் புதையாமல் இருக்கப் பலகை கட்டாயம். ஜிப்சிக்கு இரும்பு பம்பர் என்பதால் ஜாக்கியை அதிலேயே கொடுத்துத் தூக்கலாம், பிளாஸ்டிக் பம்பர் வண்டிகளில் அது நடக்காது. முதல் பத்து இழுப்புக்குச் சக்கரம் அசையவே இல்லை, ஸ்பிரிங் மட்டும் நீண்டது. இறக்கும்போதுதான் ஆபத்து. நெம்புகோலைக் கைவிட்டால் பாரத்தின் வேகத்தில் அது மேலும் கீழும் அடித்துத் தாடையைப் பெயர்த்துவிடும். "முகத்தை அதன் பாதையில் வைக்காதே, வண்டிக்கடியில் கையைக்கூட விடாதே" என்று மூன்று முறை சொன்னார்.

தகடு, போல்ட், பெயின்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். பலகைக்குக் காசு வாங்கவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையின் அத்தனை பள்ளத்திலும் ஜிப்சியை இறக்கி ஏற்றிக் காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன். கதவு கிறீச்சிட்டது, கண்ணாடி அதிர்ந்தது, ஜாக்கியிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் பழவேற்காடு, அதே மணல் பாதை.