வெற்றிலைச் சிவப்பில் மறைந்திருந்த ரத்தம்

எங்கள் பகுதி மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் காப்பு கட்டியிருந்த நாட்களில்தான் அந்த ரத்தத்தை முதலில் பார்த்தேன். விரதம் என்பதால் பத்து நாளாக வெற்றிலையைத் தொடவில்லை. காலையில் பல் தேய்த்துவிட்டுத் துப்பினேன். வெள்ளைப் பீங்கான் தொட்டியில் சிவப்பாக விழுந்தது. பழக்கத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு நகர்ந்துவிட்டேன். துண்டால் முகத்தைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. வெற்றிலையே போடவில்லையே, இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

மறுநாளும் அதே சிவப்பு. அதற்கு மறுநாளும்.

நான் யாங்கோனில், பயின்னாவுங் சந்தையில் ஒரு பருப்புக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவன். வயது 53. இருபத்தைந்து வருஷமாகக் கூன்யா போட்டவன். இங்கே தெருவுக்குத் தெரு சின்ன மேசை போட்டு, வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்குத் துண்டும் புகையிலையும் வைத்து மடித்து, சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்கள். அதுதான் கூன்யா. நாளுக்கு இரண்டு பை எனக்குக் கணக்கு. எத்தனை வருஷமாக ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. துப்பினால் எப்போதும் சிவப்பு. பிரஷ்ஷின் நார் எப்போதும் சிவப்பு. அதில் எது பாக்கின் சிவப்பு, எது என் ரத்தம் என்று யார் பிரித்துப் பார்ப்பது?

இதை எழுதுவதே அதற்காகத்தான். பர்மாவில் இருக்கும் நம் ஆட்களில் பலர் வாயில் இந்த மறைப்பு இருக்கிறது.

அதற்கு முன்பும் அறிகுறிகள் இருந்தன. மாங்காய்க் கீற்றைக் கடித்தால் கீழ்ப்பல் ஒன்று லேசாக அசைகிற மாதிரி இருக்கும். சாப்பிட்டால் பல்லிடுக்கில் கீரை நார் சிக்கும், முன்பெல்லாம் சிக்காது. வலது பக்கக் கடைவாயில் மூன்று முறை ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. ஒவ்வொரு முறையும் மருந்துக் கடையில் மாத்திரைகளைக் கலந்து கட்டித் தருகிற பொட்டலத்தை வாங்கிப் போட்டேன். நாலு நாளில் வீக்கம் வடியும், அப்புறம் மறந்துவிடுவேன். வலி மட்டும் பெரிதாக வந்ததே இல்லை. அதனால்தான் நான் போகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேல்பல் ஒன்று ரொம்ப ஆடியது. ஓர் இடத்தில் காட்டினேன், ஐந்து நிமிஷத்தில் பிடுங்கிவிட்டார்கள். அந்தப் பல்லைப் பஞ்சில் வைத்துக் கையில் தந்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சொத்தை இல்லை, ஓட்டை இல்லை, முழுப் பல். நல்ல பல் எதற்காக ஆடியது என்று நானும் கேட்கவில்லை, அங்கே யாரும் சொல்லவும் இல்லை. அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. வயசானால் பல் விழும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த நினைப்பு எவ்வளவு பெரிய தவறு என்பது அப்புறம்தான் புரிந்தது. பற்களை இழக்க வயது மட்டும் போதாது. கவனிக்காமல் விட்ட நோய் வேண்டும்.

தீமிதி முடிந்த வாரம், கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் பர்மியப் பையன் சொன்ன ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். இங்கே பெண் டாக்டரை சயாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முதலில் பல்லைப் பார்க்கவில்லை. கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, வாயின் தரை எல்லாவற்றையும் விளக்கடித்து விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் என் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். பாக்குப் போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்சவ்வு இறுகி, வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடுமாம். எனக்கு மூன்று விரலும் நுழைந்தது. "இதுவரை தப்பித்தீர்கள் ஊலே" என்றார். ஊலே என்றால் மாமா. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருப்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு மட்டும் போடலாம் என்று மனதுக்குள் வைத்திருந்த கணக்கு அங்கேயே முடிந்தது.

அடுத்து நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். பருப்பு மூட்டை வந்தால் நாங்கள் குத்தூசியால் குத்தி மாதிரி எடுப்போம். சாக்கு வெளியில் நன்றாகத்தான் இருக்கும், நடுவில் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதனால் ஓர் இடத்தில் குத்தினால் போதாது. சயாமா செய்ததும் அதேதான். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கினார், ஒரு பல்லுக்கு ஆறு இடம். என் வாயில் 27 பல், ஆக 162 இடம். ஒவ்வோர் இடத்திலும் அளவைச் சத்தமாகச் சொல்ல, உதவிப் பெண் எழுதிக்கொண்டாள். மூன்று வரைக்கும் நல்ல ஈறு, நாலைத் தொட்டால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் பை விழுந்திருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

சந்தையில் நாள் முழுக்கப் பர்மிய எண்களில் புழங்குகிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தோன், தோன், லே. மூன்று, மூன்று, நாலு. முன்பல் பக்கம் அப்படித்தான் போனது. கடைவாய்க்குப் போகப் போக ஙா, சௌ என்று ஏறியது. ஐந்து, ஆறு. மூன்று முறை சீழ் வைத்த அந்த வலது பக்கத்துக் கடைவாய்ப் பல்லில் கம்பி இறங்கிக்கொண்டே போனது. "ஷி" என்றார். எட்டு. எட்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு என் ஈறு பல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது, எனக்கு வலிக்கவில்லை.

ஈறுக்குப் பர்மிய மொழியில் துவாபோன் என்று பெயர். துவா என்றால் பல், போன் என்றால் மூடுவது. அந்த மூடிக்கு அடியில் நடந்ததை எக்ஸ்ரேயில் காட்டினார். பல்லின் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டிய எலும்பு, பின்பற்களில் வேரின் பாதி வரைக்கும் இறங்கியிருந்தது. நான் ஐராவதிக் கரை ஊரில் பிறந்தவன். ஒவ்வொரு மழைக்கும் கரை சரியும், மரம் மட்டும் கொஞ்ச காலம் நிற்கும், அப்புறம் சாயும். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த மரங்கள்தான் ஞாபகம் வந்தன. போன கரை திரும்புமா என்று கேட்டேன். "போன எலும்பு தானாக வளராது. இருக்கிறதைக் காப்பாற்றலாம்" என்றார்.

ஈறு சிவந்து ரத்தம் வருகிற முதல் கட்டத்திலேயே வந்திருந்தால், சுத்தம் செய்து ஒழுங்காகத் தேய்த்தால் முழுக்கப் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். எலும்பு கரைய ஆரம்பித்த பிறகு அது வேறு நோய். பல்லில் படிகிற பிசுபிசுப்பான அழுக்கில் கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொள்கின்றன. அது இறுகிக் காரையாகிறது, காரையின் சொரசொரப்பில் இன்னும் அழுக்குப் படிகிறது. அந்தக் கிருமியோடு சண்டை போடுகிற நம் உடம்பே அந்தச் சண்டையில் பல்லைத் தாங்கும் எலும்பையும் கரைத்துவிடுகிறது. நான் வாங்கிப் போட்ட மாத்திரைகளால் நோய் ஏன் நிற்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. காரையும் அழுக்கும் வேரில் அப்படியே ஒட்டியிருக்கும்போது மாத்திரை வீக்கத்தை வடிக்குமே தவிர வேரைச் சுத்தம் செய்யாது.

அட்டையில் மூன்றாம் நிலை, சி பிரிவு என்று எழுதினார். 2018-இலிருந்து உலகம் முழுக்க இப்படித்தான் வகுக்கிறார்களாம். நிலை என்பது எவ்வளவு சேதம் என்பதற்கு, பிரிவு என்பது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கு. என்னை சி-யில் தள்ளியது சர்க்கரை. எனக்குச் சர்க்கரை இருப்பது தெரியும், மாத்திரையும் உண்டு, ஆனால் ஒரு வருஷமாகப் பரிசோதிக்கவில்லை. ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொன்னார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.9 சதவீதம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்று சொன்னபோது என் வீட்டுப் பெரியவர்கள் பலர் முகம் மனதில் ஓடியது.

சிகிச்சை இரண்டு நாள், நடுவில் ஒரு வாரம். முதல் நாள் வலது பக்கம் முழுக்க மரத்துப்போகும் ஊசி. ஊசி குத்துகிற அந்த நொடிதான் வலி. அதற்கப்புறம் சத்தம் மட்டும்தான், தேங்காய்ச் சிரட்டையின் உள்பக்கத்தைக் கத்தியால் சுரண்டுகிற சத்தம், அது மண்டைக்குள்ளேயே கேட்கும். முதலில் அதிர்ந்து தண்ணீர் பீய்ச்சுகிற மெஷின், அப்புறம் கைக்கருவி. நடுவில் கரண்ட் போய்விட்டது. இங்கே அது தினசரி விஷயம். ஜெனரேட்டர் போடும்வரை சயாமா கைக்கருவியாலேயே தொடர்ந்தார். ஒரு கட்டத்தில் பஞ்சுத் துணியில் எடுத்ததைக் காட்டினார். ஈறுக்கு மேலே இருந்த காரை மஞ்சள். அடியிலிருந்து வந்தது உளுந்துத் தோல் மாதிரி கறுப்பு, அரிசிக் குறுணை அளவு. ரத்தம் ஊறி ஊறித்தான் அந்தக் கறுப்பாம். அதை வேரில் ஒட்டவைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன்.

காரையை எடுத்தால் பல் ஆடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் இருந்தது, பயந்தேன். காரை பற்களை ஒன்றோடொன்று கட்டிப் பிடித்திருந்தது, அது போனதும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். ஈறு இறுகிய பிறகு ஆட்டம் குறைந்தது. ஆனால் வீக்கம் வடிந்ததில் ஈறு சுருங்கிப் பல்லிடுக்குகள் அகலமாகிவிட்டன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது, அது ஒன்றரை மாதத்தில் அடங்கியது. இடைவெளி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நடுவில் பயந்து விட்டுவிட மாட்டீர்கள்.

உண்மையான வேலை வீட்டில்தான். பிரஷ்ஷை ஈறின் விளிம்பில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்க வேண்டும். அதைவிட முக்கியம் இடுக்குப் பிரஷ். பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷைக் குண்டூசி அளவுக்குச் சுருக்கினது போல இருக்கும். என் வாய்க்கு இரண்டு அளவு தேவைப்பட்டது, எந்த இடுக்குக்கு எது என்று சயாமா கண்ணாடி பிடித்துக் காட்டினார். முதல் பத்து நாள் நுழைத்த இடமெல்லாம் ரத்தம். ரத்தம் வருகிறதே என்று நிறுத்தக் கூடாது, அழுக்கு இருக்கும் இடத்தில்தான் ரத்தம் வருகிறது என்று அவர் சொல்லியிருந்ததால் நிறுத்தவில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலையில் தொட்டியில் வெறும் வெள்ளை நுரை விழுந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வாய் கொப்பளிக்கும் குளோர்ஹெக்சிடின் மருந்து இரண்டு வாரத்துக்கு மட்டும் தந்தார், அதிகம் போனால் பல்லில் கறை பிடிக்கும் என்பதால். கூன்யாவை விட்டதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அதில் புகையிலை இருக்கிறதே, உடம்பு கேட்கும். மதியச் சோறு முடிந்ததும் கை தானாகச் சட்டைப் பையைத் தேடும். சட்டைப் பையில் ஏலக்காயும் சோம்பும் வைத்துக்கொண்டேன். இப்போதும் அந்த நேரம் வந்தால் மனம் இழுக்கிறது. போடவில்லை.

செலவை எண்ணில் சொல்லிப் பயனில்லை, விலை மாதத்துக்கு மாதம் மாறுகிற காலம் இது. இரண்டு முறையாகப் பிரித்துக் கட்ட அனுமதித்தார்கள். தயங்காமல் கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி 162 இடமும் அளந்தார். பெரும்பாலும் தோன், தோன். எட்டு இருந்த இடம் ஆறில் நிற்கிறது. அங்கே ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம், இன்னொரு முறை சுரண்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றார். சர்க்கரை 7.8. ஈறுச் சிகிச்சையால் மட்டும் சராசரியாக 0.4 அளவுக்குக் குறையுமாம், மீதி மாத்திரை மாற்றியதாலும் சாப்பாட்டாலும். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும், ஆயுள் முழுக்க.

போன வாரம் என் மச்சானை அழைத்துக்கொண்டு போனேன். நாள் முழுக்கக் கூன்யா போடுகிறவர். "எனக்கு வலியே இல்லையே மாப்பிள்ளை, எதுக்கு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். மூன்று நாள் வெற்றிலையை நிறுத்திவிட்டு வெள்ளைத் தொட்டியில் துப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தேன், அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். அவரை உள்ளே அனுப்பிவிட்டு வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து சயாமாவின் குரல் கேட்டது. தோன், லே, லே, ஙா. சீட்டில் அடுத்த புதன்கிழமை தேதி எழுதித் தந்தார்கள், அன்றைக்கு அவருக்கு வலது பக்கம்.