பன்றி முடியா பேட்ஜரா? என் ஓட்டு பன்றிக்குத்தான்

ஷேவிங் பிரஷ் வாங்கப் போற நெறைய பேருக்கு பன்றி முடி விலை கம்மி அதனால மட்டம், பேட்ஜர்ங்கற காட்டு மிருகத்தோட முடி விலை ஜாஸ்தி அதனால ஒசத்தின்னு ஒரு நெனப்பு இருக்கு. எனக்கு இதுல துளி கூட உடன்பாடு இல்ல.

ரெண்டுக்கும் தண்ணி புடிக்கற விதமே வேற. பன்றி முடி தடிமன், தண்ணிய உள்ள உறிஞ்சி ஊறுனாத்தான் இளகும், அதனால ஷேவ் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நிமிஷமாவது வெதுவெதுப்பான தண்ணில நிக்க வைக்கணும். பேட்ஜர் முடி அவ்வளவா உறிஞ்சாது, முடிக்கும் முடிக்கும் நடுவுல தண்ணி தங்கிக்கும், நனைச்ச உடனே ரெடி. காலைல அவசரத்துல இருக்கறவங்களுக்கு, ட்யூப் க்ரீம் போடறவங்களுக்கு, தொட்டாலே செவந்து போற தோலுக்கு நல்ல பேட்ஜர் சுகம்தான், அத நான் மறுக்கல.

ஆனா புது பன்றி பிரஷ்ஷ ஒரு வாரம் மட்டும் யூஸ் பண்ணிட்டு தூக்கிப் போடறாங்க பாருங்க, அதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு. மொதல்ல மிருக வாடை வரும், கொஞ்சம் முடி கொட்டும், நுரையெல்லாம் உள்ளயே போயிடும், கன்னத்துல குத்தும். தினமும் யூஸ் பண்ணப் பண்ண நுனி ஒவ்வொண்ணும் பிளந்து பிளந்து மெத்துன்னு ஆயிடும், ஆனா அடிப்பக்க விறைப்பு அப்படியே இருக்கும். கட்டி சோப்ப வழிச்சு எடுக்க அந்த விறைப்புதான் வேணும். இத்தாலியோட ஒமேகா, போர்ச்சுகலோட செமோக் மாதிரி பிரஷ் கம்பெனிங்க எல்லாம் இதுக்குத்தான் பேர் போனது, நல்லா பழகுன ஒமேகாவ கைல எடுத்தா வேற பிரஷ் தேடவே தோணாது.

பேட்ஜர்ல ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப்னு தரம் போட்டிருப்பாங்க, இதுக்குப் பொதுவான அளவுகோல்னு ஒண்ணும் கெடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவங்கவங்க இஷ்டத்துக்கு வெக்கற பேரு. மலிவு ‘ப்யூர்’ பழகுன பன்றி முடிய விட அதிகமா குத்தும். பன்றி முடிலயே கருப்பு பட்டை சாயம் போட்டு பேட்ஜர் மாதிரி வர்றதும் உண்டு, பாத்து வாங்குங்க. முதல் உலகப் போர் சமயத்துல பேட்ஜர் முடி வரத்து கொறைஞ்சு, குதிரை முடிய பேட்ஜர் மாதிரி பண்ணி வித்தாங்க, சரியா சுத்தம் பண்ணாத அந்த முடியால ஆந்த்ராக்ஸ் நோய் வந்து ஆளுங்க செத்தே போனாங்க.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் பெருசு. பன்றி முடி கறிக்காக வளக்கற பன்றிலருந்து வர்றது. பிரிட்டன்ல பேட்ஜர பாதுகாக்க 1992லயே தனி சட்டம் இருக்கு, கடைல வர்ற முடி பெரும்பாலும் சீனாவுலருந்து வருது, அங்க அதுங்கள கூண்டுல அடைச்சு வெச்சு அடிச்சுக் கொல்றத 2018ல பீட்டா வெளியிட்டுச்சு. அதத் தெரிஞ்சுக்கிட்டு பேட்ஜர் வாங்க எனக்கு மனசு வரல.

மதத்தாலயோ வேற காரணத்தாலயோ பன்றி முடியே வேணாம்னா சிந்தெடிக், அதாவது செயற்கை இழை பிரஷ் எடுங்க, இப்ப வர்றதெல்லாம் ரொம்ப சாஃப்ட், ஊற வைக்கவும் வேணாம், சீக்கிரம் காயும்.

கடைசியா, வீட்ல உப்புத் தண்ணி வந்தா எந்த பிரஷ்ஷும் ஒழுங்கா நுரை கட்டாது. பிரஷ்ஷ மாத்தறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணில நனைச்சு ட்ரை பண்ணிப் பாருங்க.