காதடைப்பு அம்மாவுக்கு மட்டும்தான்: கர்ப்ப காலத்தில் துப்பாக்கிப் பயிற்சி

“காதுல மஃப் மாட்டிக்கிட்டா போதுங்களா அக்கா?” விளையாட்டுக்குச் சுடுகிறவரோ பெண் காவலரோ, கர்ப்பம் உறுதியானதும் முதலில் கேட்பது இதைத்தான். போதாது. மஃப் அம்மாவின் காதைக் காக்கும். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு மாட்டிவிட யாரிடமும் எதுவும் இல்லை.

எங்களில் ஒருவர் சுடுதளத்தில் பயிற்சி தருகிறவர், இன்னொருவர் பேறுகாலச் செவிலியர். சேலத்திலும் ஏற்காட்டிலும் இப்படிப்பட்ட பெண்களோடு பரிசோதனைக்கு அலைந்து, வீட்டைச் சுத்தம் செய்து, பிரசவம் முடிந்து திரும்ப ரேஞ்சுக்கு வரும் வரை கூட இருந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறோம்.

முதலில் சத்தம். குழந்தையின் உட்காது ஏறக்குறைய 20 வாரத்தில் உருவாகிவிடும். 24, 25 வாரம் வாக்கில் சத்தத்துக்கு அசையத் தொடங்கும். ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டால் பிள்ளைக்குக் கேட்கும் என்று பாட்டிமார் சொல்வது வெறும் பேச்சில்லை. ஆனால் வளையலின் கிணுகிணுப்பு போன்ற உச்சத் தொனியை வயிற்றுச் சதையும் பனிக்குட நீரும் பெருமளவு தடுத்துவிடும். கோயில் அதிர்வேட்டின் ‘டம்’ போன்ற அடித்தொனிதான் அதிகம் குறையாமல் உள்ளே இறங்கும். துப்பாக்கிச் சத்தத்தில் அந்த அடித்தொனி நிறைய உண்டு.

பாயிண்ட் 22 ரைஃபிள் சுடுபவரின் காதருகே சுமார் 140 டெசிபல் வரும். பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கி 150ஐத் தாண்டும். அமெரிக்காவின் ஏசிஜிஐஎச் என்ற தொழிலகச் சுகாதார அமைப்பு, ஐந்தாம் மாதத்துக்கு மேல் உச்ச ஒலி 155 டெசிபலைத் தாண்டும் இடத்தில் கர்ப்பிணிகள் இருக்க வேண்டாம் என்கிறது. அந்தக் கோட்டின் ஓரத்தில் நின்று கணக்குப் பார்ப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. மருந்து வெடிக்கும் எந்தத் துப்பாக்கியானாலும், கர்ப்பம் தெரிந்த அன்றே நிறுத்தச் சொல்கிறோம். சும்மா வேடிக்கை பார்க்க வந்தாலும் இதே பேச்சுதான். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல்தான் குறையும். நாலு சுவருக்குள் இருக்கும் ரேஞ்சில் எதிரொலி சேர்வதால் அந்த அளவுகூடக் குறையாது.

ஏர் ரைஃபிள் கதை வேறு. அதில் வெடிமருந்து கிடையாது, அழுத்தக் காற்றுதான் ரவையை, அதாவது சிறு குண்டை, தள்ளுகிறது. மலேசியாவின் நூர் சுரியானி தைபி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு சுட்டார். அதைக் காட்டி, “அவங்க சுட்டாங்களே” என்று பாயிண்ட் 22க்கும் அனுமதி கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஏர் ரைஃபிளில் சத்தம் பெரிய கவலை இல்லை என்றாலும் இன்னொரு கவலை அப்படியே இருக்கிறது. அதுதான் காரீயம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். தோட்டாவிலும் ரவையிலும் இருப்பது காரீயம். “நாங்க ஈயச் சொம்புல சமைச்சவங்கதானே” என்று மாமியார் சமாதானம் சொன்னால், இந்த வேறுபாட்டைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். சொம்பே காரீயம் கலந்த மட்டச் சரக்காக இருந்தால் அதையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

காரீயம் நஞ்சுக்கொடி வழியாகத் தடையில்லாமல் குழந்தைக்குப் போகும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கருச்சிதைவு, குறைப்பிரசவம், அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஆகிய ஆபத்துகளும் கூடும். ரத்தத்தில் இருப்பது சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் போய்ப் படிந்ததோ பல ஆண்டுகள் தங்கும். குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்து கொடுக்க அம்மாவின் எலும்பு கரையும்போது பழைய காரீயமும் சேர்ந்து வெளியே வரும். அதனால் பத்து வருஷம் சுட்டு, போன வருஷமே நிறுத்தியவரும் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

பரிசோதனையில் எங்கே சறுக்குகிறது என்றால், சீட்டில்தான். காரீயத்தின் வேதிக்குறியை (Pb) மட்டும் எழுதிக் கொடுத்தால், ‘பி.பி.’ என்று படித்து ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். ‘பிளட் லெட் லெவல்’ என்று முழுதாக எழுதி வாங்குங்கள். விரல் நுனியில் குத்தி எடுக்க விடாதீர்கள்; தோலில் ஒட்டிய தூசி கலந்து எண் பொய்யாக ஏறும். முழங்கை நரம்பில், உலோகப் பரிசோதனைக்கென்றே உள்ள குழாயில் எடுக்க வேண்டும். சேலத்தில் எடுக்கும் ரத்தம் பெரும்பாலும் வெளியூர் ஆய்வகத்துக்குப் போவதால் முடிவு வரச் சில நாள் பிடிக்கும்.

டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் என்றால், எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். ஒரு மாதத்தில் மறுபடி பாருங்கள். 45ஐத் தொட்டால் அது பெரிய மருத்துவமனையில், இதில் அனுபவமுள்ள மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். அரசின் கர்ப்பப் பதிவான பிக்மி எண்ணுக்குப் பதியும்போதே கிராமச் சுகாதாரச் செவிலியரிடம், “நான் ரேஞ்சுக்குப் போறவ” என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

தெரியாமல் ஐந்தாறு வாரம் சுட்டுவிட்டவர்கள் அழுதுகொண்டே வருவார்கள். அந்த வாரங்களில் காது கேட்கும் அளவுக்கு இன்னும் வளரவே இல்லை. சத்தத்துக்காகப் பயப்பட வேண்டாம். ரத்தத்தைப் பாருங்கள், அன்றோடு நிறுத்துங்கள்.

ஏர் ரைஃபிளில் காரீயம் எப்படி உள்ளே போகிறது என்பதைக் கையிலேயே காணலாம். நாற்பது ரவை போட்டபின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கரி மாதிரி சாம்பல் நிறக் கோடு விழும். அந்தக் கையால்தான் இடைவேளையில் போண்டாவைப் பிட்டுத் தின்கிறோம். சிலர் அவசரத்துக்கு ரவையை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். கர்ப்பிணி என்றில்லை, யாருமே செய்யக் கூடாத காரியம் அது. சானிடைசர் கிருமியைக் கொல்லும், காரீயத்தை எடுக்காது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வேண்டும்.

கர்ப்ப காலத்தில் ஏர் ரைஃபிளைத் தொடரத்தான் வேண்டும் என்றால், மருத்துவர் ஒப்புக்கொண்டபின், நைட்ரைல் கையுறையோடு, காற்றோட்டமான ரேஞ்சில் மட்டும் சுடுங்கள். ரவை போய் விழும் பெட்டியைத் திறக்கும் வேலை உங்களுடையது இல்லை. அதை விளக்குமாற்றால் பெருக்குகிற ரேஞ்சாக இருந்தால் உள்ளேயே போகாதீர்கள். உலர்ந்த தூசியைப் பெருக்கினால் அது மூச்சு மட்டத்தில் மிதக்கும். ஈரத் துணியால் துடைப்பதுதான் சரி. சாதாரண வாக்குவம் கிளீனரும் நுண்தூசியைப் பின்பக்கம் கக்கிவிடும்.

இதைவிட நல்ல வழி வெற்றுச்சுடுதல். ரவை போடாமல் குறிபார்த்து விசை இழுப்பது. ஸ்கேட் போன்ற மின்னணுப் பயிற்சிக் கருவி இருந்தால், குறி எப்படி ஆடியது என்பது திரையில் தெரிந்துவிடும். சத்தமும் இல்லை, காரீயமும் இல்லை. எட்டு மாதம் இப்படியே செய்தவர்களின் விசைக் கட்டுப்பாடு முன்பைவிட மேம்பட்டதைப் பார்த்திருக்கிறோம்.

ஆனால் நிற்கும் நிலையைக் கவனியுங்கள். ரைஃபிள் நிலை என்பதே இடுப்பை முன்தள்ளி முதுகை வளைத்து, முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றுவது. வயிறு வளரும்போது முதுகு ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் வளைந்திருக்கும். அதன்மேல் ஐந்து கிலோ சுமையை ஏற்றினால் இரவெல்லாம் வலிக்கும். நான்காம் மாதத்துக்குப் பின் ஸ்டாண்டில் தாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து பழகுங்கள். குப்புறப் படுக்கும் நிலையை வயிறு தெரியத் தொடங்குமுன்பே விட்டுவிடுங்கள்.

காவல் துறையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வருடாந்திர ஃபயரிங்கில் விலக்கு கேட்டால் எளிதில் கிடைக்கும். ஆனால் “சுட வேண்டாம், காலித் தோட்டா பொறுக்கிக் கொடும்மா” என்றோ “ஆயுதம் துடைக்கிற வேலையைப் பாரும்மா” என்றோ மாற்றிவிடுவார்கள். கரிசனத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் காரீயம் அங்கேதான் இருக்கிறது: தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரின் புகை காலிக் கூட்டின் உள்ளேயும் துப்பாக்கிக் குழாயிலும் படிந்திருக்கும், துடைக்கும் எண்ணெயின் ஆவி வேறு. அதனால் மருத்துவச் சான்றில் சுடுதல், ரேஞ்சில் நிற்றல், காலிக் கூடு சேகரித்தல், ஆயுதம் சுத்தம் செய்தல் என்று நான்கையும் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். ‘இலகுவான பணி’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை.

கணவர் சுடுகிறவராக இருந்தாலும் வீட்டுக்குத் தூசி வரும். ஷூ வாசலோடு நிற்கட்டும். உடையை உதறாமல் பையில் போட்டு, அவரே தனியாகத் துவைக்கட்டும்.

சேர்வராயன் மலைப்பக்கம் சொல்லியே ஆக வேண்டியது நாட்டுத் துப்பாக்கி. உரிமம் இல்லாமல் வைத்திருப்பதும், 1972 வனவிலங்குச் சட்டத்தை மீறி வேட்டையாடுவதும் குற்றம். அது போக, ரவைக்கும் மீன்வலைக் குண்டுக்கும் காரீயத்தை வீட்டு அடுப்பில் உருக்குவதைவிட ஒரு கர்ப்பிணிக்குக் கெடுதலான வேலை இல்லை. உருக்கியது எப்போதோ என்றாலும் அந்த அடுப்பங்கரையை ஈரத்துணியால் தரையும் திண்ணையும் சேர்த்துத் துடைத்தபின்தான் அவர் சமைக்க வேண்டும். ரவை பட்ட கறியும் அப்படியே. குண்டை எடுத்துவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து தள்ளிக்கூடச் சிதறியிருக்கும். புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் புளிப்பில் காரீயம் இன்னும் கரையும்.

சாப்பாட்டில் இரண்டே விஷயம். வெறும் வயிற்றில் காரீயம் அதிகம் ஏறும். வாந்தியால் சாப்பிட முடியாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகவாவது ஏதாவது சாப்பிடுங்கள். இரும்பும் சுண்ணாம்பும் குறைந்தாலும் அதிகம் ஏறும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் தவறாமல் போடுங்கள், சேர்த்துப் போடாதீர்கள். கால்சியம் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. கூடவே கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, மோர், நெல்லிக்காய். மண்ணும் பல்பமும் தின்னத் தோன்றினால் வெட்கப்படாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். அது ரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம், அந்த மண்ணிலேயே காரீயமும் இருக்கலாம்.

பிரசவத்துக்குப் பின், அம்மாவின் ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் தாய்ப்பால் கொடுக்கலாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2010 வழிகாட்டுதல். 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் குழந்தையின் ரத்தத்தையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். திரும்பச் சுட வருவது சுகப்பிரசவம் என்றால் ஆறு வாரப் பரிசோதனை முடிந்து, சிசேரியன் என்றால் தையல் முழுதாக ஆறி மருத்துவர் சொன்னபின். பால் கட்டிய மார்பின் மேல், ரைஃபிள் சுடும்போது அணியும் இறுக்கமான ஜாக்கெட்டைப் போட முடியாது. பால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், முதல் மாதம் அரை மணி நேரம் போதும். அந்த ஜாக்கெட் கான்வாஸும் தோலும், துவைக்கவே முடியாதது. அது ரேஞ்சின் பெட்டியிலேயே கிடக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் குளியலறை, அப்புறம் மாற்றுப்புடவை, அதன்பின் பிள்ளை.