தங்கச்சியின் மகனுக்கு வந்த கவாசாக்கி

“பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி காணாது, அதுதான்.” பார்க்க வந்த எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். முருங்கையிலைச் சொதி, சத்துமா, யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சிரப் என்று சாமான்களும் வந்து சேர்ந்தன. அன்பில் குறை சொல்ல ஏலாது. ஆனால் கவாசாக்கி என்ற இந்த நோயில் நடப்பது இதற்கு நேர்மாறு. உயர்தர உயிரியல் படிப்பிக்கிற பெரியம்மா நான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் மாரிகாலத்தில் பிள்ளை காய்ந்தால் முதற் பயம் டெங்குதான். பிளேற்லெட் இறங்குகிறதா என்றே எங்கள் கண் ரிப்போட்டில் இருந்தது. அது இறங்கவில்லை, காய்ச்சலும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் கண் இரண்டும் சிவந்துவிட்டன, ஆனால் பீளை இல்லை. உதடு வெடித்து, நாக்கு செக்கச்செவேலென்று பொரிபொரியாய் இருந்தது. அம்மா சின்னமுத்து என்று முடிவுகட்டி வேப்பிலை முறிக்கப் போய்விட்டார். வாட்டில் வைத்தியர் அவனுடைய சட்டைக் கையை உயர்த்தி, பிறந்தபோது பீ.சீ.ஜீ. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட தழும்பைப் பார்த்தார். தழும்பைச் சுற்றித் தோல் சிவந்து தடித்திருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி வராது. வந்தால் நல்ல துப்பு.

யப்பானிய வைத்தியர் தோமிசாக்கு கவாசாக்கி 1967இல் விவரித்த நோய் இது. நடுத்தர அளவு நாடிகளின் சுவர் அழலும், அதிலும் இதயத்துக்குக் குருதி கொடுக்கும் முடியுரு நாடிகள். எது தொடக்கி வைக்கிறது என்று இன்றைக்கும் உறுதியாகவில்லை. ஆனால் குருதியில் நடப்பது ஓரளவு தெரியும். எதிர்ப்புச் சக்தியை நடத்தும் வெண்கலங்களில் ஒரு இனம் ரீ கலங்கள். அவற்றில் ரீ எச் 17 என்ற வகை அழற்சியை ஏற்றிவிடும். ரீ ரெக் என்ற வகை கடிவாளம் பிடிக்கும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் பிள்ளைகளில் முதல் வகை கூடி, இரண்டாவது குறைந்திருப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் எதிர்ப்புச் சக்தியை இன்னும் ‘கூட்டி’ என்ன செய்ய?

மருந்தாக ஏற்றியது இம்யூனோகுளோபுலின், அதாவது ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் பிறபொருளெதிரிகள். ஒரு கிலோ நிறைக்கு 2 கிராம் கணக்கு, 10–12 மணித்தியாலம் சொட்டுச் சொட்டாக. அது ஏறிய பிறகு ரீ ரெக் கூடி, ரீ எச் 17 தணிவதையும் அளந்திருக்கிறார்கள். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் ஏற்றுவது முக்கியம். விட்டுவிட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளைக்கு முடியுரு நாடி வீங்கும். நேரத்துக்கு ஏற்றினால் அது நூற்றுக்கு ஐந்து அளவுக்கு இறங்கும். எங்கள் ஆளின் எக்கோ (இதய ஸ்கேன்) சுத்தம். அடுத்த கிழமை விரல் நுனித் தோல் உரிந்தது, பிளேற்லெட்டோ எக்கச்சக்கமாய் ஏறியது. இரண்டும் இந்த நோயின் வழமைதான், பதறத் தேவையில்லை.

பதற வேண்டியது வேறு. இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் 11 மாதத்துக்கு எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான) தடுப்பூசி போடுவதில்லை, போட்டாலும் சரியாக வேலை செய்யாது. ஆகவே அவனுடைய மூன்று வயது ஊசி பிந்தும். கிளினிக் அட்டையில் எழுதுவித்தாயிற்று. வீட்டில் அஸ்பிரினும் போகிறது. அது போகும் காலத்தில் பொக்குளிப்பானோ இன்புளுவென்சாவோ வந்தால் ஈரலும் மூளையும் பாதிக்கிற ஆபத்து உண்டு. ஆகவே சொந்தக்காரரே, உங்கள் வீட்டில் யாருக்காவது பொக்குளிப்பான் என்றால் சத்துமாவைப் படலையில் வைத்துவிட்டுப் போங்கள்.