லாரன்ஸ்: ஓட்டுப் போட வந்தவர்கள் கட்டிய ஊர்

டிரைவர் கதையை முதலில் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுதவே வராது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருக்கும் லாரன்ஸ், கான்சாஸ் சிட்டி விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 50 மைல். வாடகைக் காரில் போனேன். ஊருக்குள் நுழைந்ததும் டோலுக்கு என்று பேசியதற்கு மேல் 20 டாலர் கேட்டார், அதுவும் ரொக்கமாக. கான்சாஸ் டர்ன்பைக் என்ற அந்தச் சுங்கச் சாலையில் 2024 ஜூலையிலிருந்து ரொக்கமே வாங்குவதில்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும், பில் வீட்டுக்கு வரும், அதுவும் ஒன்றிரண்டு டாலர்தான். இதைச் சொன்னதும் மனிதர் குரலை இறக்கி, "சரி, டிப்ஸாவது கொடுங்கள்" என்றார். பெட்டியை நானே இறக்கிக்கொண்டேன்.

ஊருக்கு வருவோம். லாரன்ஸ் என்றாலே எல்லோரும் கான்சாஸ் பல்கலைக்கழகத்தையும் கூடைப்பந்தையும்தான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முந்தைய கதைக்காகவே போகலாம். ஆற்றங்கரை, சந்தை, கோட்டை என்று தானாக வளர்ந்த ஊர் இல்லை இது. ஓட்டுப் போடுவதற்கென்றே ஆள் கொண்டுவந்து இறக்கிய ஊர்.

1854இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. கான்சாஸில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுபவர்களே தீர்மானிக்கட்டும் என்றது. அப்படியென்றால் யார் முதலில் ஆளைச் சேர்ப்பது என்றுதானே போட்டி வரும்? பக்கத்து மிசூரியிலிருந்து அடிமை முறை ஆதரவாளர்கள் எல்லை தாண்டி வந்து ஓட்டுப் போட்டார்கள். மாசசூசெட்ஸில் ஒரு கம்பெனி தொடங்கி, அடிமை எதிர்ப்பாளர்களைத் திரட்டி அனுப்பினார்கள். பணம் போட்டவர்களில் முக்கியமானவர் பாஸ்டன் வியாபாரி அமோஸ் லாரன்ஸ். முதல் கூட்டம் அந்த ஆகஸ்டிலேயே வந்து கூடாரம் அடித்தது. அந்த நிலம் அதே ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஷானி பழங்குடியினரிடமிருந்து வாங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிரதான கடைவீதிக்கு மாசசூசெட்ஸ் தெரு என்று பெயர் வைத்ததில் அவர்களுடைய கொழுப்பு தெரிகிறது, எனக்குப் பிடித்தது. கிழக்கிலிருந்து ஷார்ப்ஸ் துப்பாக்கிகளைப் 'புத்தகங்கள்' என்று எழுதிய பெட்டிகளில் அனுப்பினார்களாம். அந்தத் தெருவில் நிற்கும் எல்ட்ரிட்ஜ் ஹோட்டலின் வாடகையைப் பார்த்துவிட்டு வெளியே நின்றே ரசித்தேன். 1856 மே 21 அன்று அடிமை முறை ஆதரவாளரான ஷெரிஃப் ஜோன்ஸ் தலைமையில் ஒரு கும்பல் வந்து, அதே இடத்தில் இருந்த ஃப்ரீ ஸ்டேட் ஹோட்டலைப் பீரங்கியால் சுட்டு எரித்தது, பத்திரிகை அச்சகங்களை நாசமாக்கியது. திரும்பக் கட்டினார்கள். 1863இல் அதையும் எரித்தார்கள்.

அந்த 1863 கதைக்காகவே வாட்கின்ஸ் அருங்காட்சியகம் போங்கள். பழைய வங்கிக் கட்டடம், நுழைவு இலவசம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஆகஸ்ட் 21 விடியற்காலையில் அடிமை முறை ஆதரவுக் கெரில்லாத் தலைவன் வில்லியம் குவான்ட்ரில் சுமார் 400 குதிரைப்படை ஆட்களோடு வந்தார். முன்பு சார்லி ஹார்ட் என்ற பெயரில் இதே ஊரில் திரிந்தவர், சந்து பொந்தெல்லாம் தெரியும். பெண்களைத் தொடக்கூடாது, ஆண்களை விடக்கூடாது என்பது ஏற்பாடு. சிறுவர்களையும் சேர்த்து 150க்கு மேல் கொன்றார்கள். மேயர் கிணற்றுக்குள் ஒளிந்து அங்கேயே இறந்தார். அவர்கள் முக்கியமாகத் தேடிய செனட்டர் ஜிம் லேன் இரவு உடையோடு சோளக்காட்டுக்குள் ஓடித் தப்பினார். இந்த லேனும் சாமானியர் இல்லை, 1861இல் மிசூரியில் ஓசியோலா ஊரைக் கொள்ளையடித்து எரித்தவர். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அப்போது ஜேஹாக்கர்கள் என்று பெயர். இன்று பல்கலைக்கழகத்தின் சின்னம் மஞ்சள் மூக்கோடு சிரிக்கும் ஜேஹாக் பறவை. அந்தப் பறவை போட்ட டி-ஷர்ட்டின் விலையைக் கேட்டு நான் சிரிக்கவில்லை.

பல்கலைக்கழகம் வந்த விதம்தான் எனக்கு ஆச்சரியம். 40 ஏக்கர் நிலமும் 15,000 டாலரும் காட்டினால் லாரன்ஸுக்குத் தருகிறோம் என்று 1863 தொடக்கத்தில் மாநிலம் சொன்னது. ஆகஸ்டில் ஊரே சாம்பல். அந்த நிலையிலும் தேற்றினார்கள், பெரும்பங்கு அமோஸ் லாரன்ஸ் கொடுத்திருந்த 10,000 டாலர். 1866இல் 55 மாணவர்களோடு மவுண்ட் ஓரியட் குன்றின்மேல் தொடங்கியபோதே பெண்களும் படித்தார்கள். அந்தக் குன்றில் ஏறும்போது மூச்சு வாங்கும், மதிய வெயிலில் வேண்டாம்.

ஏறுவதற்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன பேக்கரியில் பியராக் சாப்பிட்டேன். வோல்கா நதிக்கரையிலிருந்து 1870களில் கான்சாஸ் வந்த ஜெர்மானியர்களின் பண்டம். பன்னுக்குள் மாட்டுக்கொத்துக்கறி, முட்டைக்கோஸ், வெங்காயம். நம்மூர் பஃப்ஸுக்கு உடம்பு போட்ட மாதிரி. மிளகு தூக்கல், அடிப்பக்கம் லேசாக மொறுமொறுப்பு. இரண்டாவது வாங்கினேன். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு வருத்தப்படாத ஒரே இடம்.

மேலே பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமான டைக் ஹாலில் கண்ணாடிக்குப் பின்னால் கோமாஞ்சி நிற்கிறது. அமெரிக்க ராணுவம் பழங்குடியினரிடம் தோற்ற 1876 லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் பிழைத்த ராணுவக் குதிரை, இறந்த பிறகு பாடம் செய்து வைத்தார்கள். குழந்தைகள் அதன் முன்னால் அசையாமல் நிற்கிறார்கள்.

ஊரின் தெற்கே ஹாஸ்கெல். இங்கே எனக்குக் கோபம்தான் வந்தது. விடுதலைக்காகக் கட்டிய ஊர் என்று கடைவீதி முழுக்கப் பெருமை பேசுகிறது. 1884இல் அதே ஊரில் மத்திய அரசு பழங்குடிக் குழந்தைகளுக்கு உறைவிடப் பள்ளி திறந்தது. முடியை வெட்டினார்கள், சீருடை மாட்டினார்கள், தாய்மொழி பேசத் தடை. அங்கேயே இறந்த நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. இன்று அது பழங்குடி மாணவர்களுக்கான பல்கலைக்கழகம். என் கையில் கிடைத்த சுற்றுலாத் தாளில் இதற்கு ஒரே ஒரு வரி, மதுக்கடைகளுக்கு முழுப் பக்கம்.

பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கமான ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் ஆட்டம் பார்க்க நினைத்தேன், டிக்கெட் விலையைப் பார்த்ததும் ஆசை போய்விட்டது. பக்கத்திலேயே டிப்ரூஸ் மையம் இருக்கிறது, இலவசம். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் எழுதிய கூடைப்பந்தின் 13 விதிகள், தட்டச்சு செய்த இரண்டே தாள், நடுநடுவே கையால் திருத்தியது. 2010 ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு வாங்கியிருக்கிறார்கள். ஆட்டத்தைக் கண்டுபிடித்த அந்த மனிதர்தான் இங்கே முதல் பயிற்சியாளர். 55 வெற்றி, 60 தோல்வி. இந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருக்கும் ஒரே பயிற்சியாளரும் அவர்தான்.