குளக்கட்டில் நாற்பதடிச் சரிவு

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு, விறாந்தையில் இருந்து படலை வரைக்கும்தான் அவருடைய போக்குவரத்து. படலைக்கு வெளியே ஒழுங்கை. ஒழுங்கை முடிகிற இடத்தில் எங்கள் ஊர்க் குளம். அவர் நீந்திப் பழகிய குளம், எனக்கும் தம்பிக்கும் நீந்தப் பழக்கிய குளம். வீட்டிலிருந்து நூற்றைம்பது மீற்றர் இருக்காது. ஆனால் குளக்கட்டு ஒழுங்கையை விட இடுப்பளவு உயரம். ஏறிவிட்டாலும் மேலே ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் நாயுருவிப் பற்றை. சக்கர நாற்காலியை அங்கே கொண்டு போக வழியே இல்லை. இரண்டு வருடம் அவர் குளத்தைப் பார்க்கவில்லை. மாரியில் குளம் நிறைந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

பாதை போடலாம் என்ற பேச்சு அப்பாவுக்காகத் தொடங்கியது அல்ல. சனசமூக நிலையக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர், நாங்கள் மிஸ்ஸி அக்கா என்று கூப்பிடுகிறவர், எழும்பிக் கேட்டார்: "சீனி வருத்தக்காரரை நடக்கச் சொல்லி கிளினிக்கில சொல்லி விடுகினம். எங்க நடக்கிறது?" அவர் கேட்டது சரிதான். பிரதான வீதியில் பஸ்ஸும் டிப்பரும் ஓரத்தை உரசிக்கொண்டு போகும், நடைபாதை கிடையாது. ஒழுங்கைகளில் நாய். யாழ்ப்பாண ரவுனுக்குக் கிட்ட இருக்கிறவர்கள் பண்ணைக் கடற்கரைக்கோ ஆரியகுளத்துக்கோ போய் நடப்பார்கள். வலிகாமத்தில் உள்ளுக்குள் இருக்கிற எங்களுக்குத் தினமும் அவ்வளவு தூரம் போய்வர முடியாது. பெண்களுக்கு இன்னும் கஷ்டம். அப்படித்தான் குளக்கட்டைச் சுற்றி நடக்கிற பாதை என்ற எண்ணம் வந்தது. நான் அப்போது ஒன்று மட்டும் கேட்டேன்: அந்தப் பாதையில் அப்பாவின் நாற்காலியும் போகுமா? எல்லோரும் ஓம் என்றார்கள். அந்த ஓம் எவ்வளவு வேலை என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது, எனக்கும்தான்.

முதலில் அனுமதி. குளம் ஓர் அலுவலகத்தின் பொறுப்பு, ஒழுங்கை இன்னோர் அலுவலகத்தின் பொறுப்பு, கிழக்குக் கரையில் ஒரு துண்டு கோயில் காணி. மூன்று இடத்துக்கும் மூன்று கடிதம், ஒவ்வொன்றிலும் கிராம சேவையாளரின் கையெழுத்து. ஏறி இறங்கியது நாலு மாதம். இந்த இடத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது சட்டம் தெரிந்த ஒரு மாஸ்டர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இலங்கையில் 1996இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் அவர்கள் வந்துபோகக் கூடியதாக இருக்க வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. அவர்களுடைய உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2016இல் நாடு ஏற்று உறுதிசெய்தது. மாஸ்டர் இவற்றை அச்செடுத்து, கடிதத்தோடு குத்திக் கொடுத்தார். அதுவரை "பாப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்த மேசையில் அதன்பிறகு எங்கள் கோப்பு மேலே வந்தது. இதே வேலையை உங்கள் ஊரில் தொடங்குகிறவர்கள் முதல் நாளே அந்தத் தாள்களைக் கையில் கொண்டு போங்கள். நாங்கள் மூன்றாவது மாதத்தில்தான் கொண்டு போனோம்.

குளத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் நல்ல மனிதர். இரண்டே நிபந்தனைதான் போட்டார். கட்டின் மேல் கொங்கிறீற் போடக் கூடாது, பிறகு கட்டை உயர்த்தவோ திருத்தவோ முடியாமல் போகும். வெள்ளம் குளத்துக்கு வருகிற வாய்க்காலை எந்த இடத்திலும் மறிக்கக் கூடாது. இரண்டாவதை அவர் சொல்லாவிட்டாலும் நாங்கள் செய்திருக்க மாட்டோம். ஆறில்லாத ஊர் இது. ஐப்பசியில் இருந்து மார்கழி வரைக்கும் பெய்கிற மழை குளத்தில் நின்று, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. குளத்தைக் கெடுத்துப் பாதை போட்டு என்ன பலன்?

பொங்கல் முடிந்த சனிக்கிழமை முதல் சிரமதானம். அறுபது பேர் வந்தார்கள். மண்வெட்டி, அலவாங்கு, கடகம் எல்லாம் வீட்டில் இருந்தே. பற்றை வெட்டி, கட்டை மட்டம் பார்த்து, அடுத்த வாரம் ஒரு டிப்பர் முக்கால் அங்குலச் சல்லி இறக்கிப் பரவினோம். பார்க்க அவ்வளவு வடிவு. அன்று பின்னேரம் நாலு பொடியள் அப்பாவை நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். நான் தள்ளினேன். இரண்டு மீற்றர் போயிருக்காது, முன்னுக்கு இருக்கிற சின்னச் சில்லு இரண்டும் சல்லிக்குள் புதைந்து நாற்காலி முன்பக்கம் சரிந்தது. நல்லவேளை ஒரு பொடியன் தோளைப் பிடித்தான். பின்பக்கமாகத் திருப்பி இழுத்தால் வரும் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், வந்தது. ஆனால் அப்பா போகிற திசையைப் பார்க்கவில்லை, வந்த திசையைப் பார்த்துக்கொண்டே போனார். கொஞ்ச தூரத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "எனக்கு வேண்டாம் பிள்ளை, மற்றாக்கள் நடக்கட்டும்" என்றார். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

அடுத்த கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். பரவிய சல்லியைத் திரும்ப வழிப்பது என்றால் மூன்று சனிக்கிழமை வீண். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்தப் பாதையைக் காப்பாற்றியது: இனி ஒவ்வொரு பத்து மீற்றரும் முடிந்தவுடன் அதில் போகப் போகிறவர்களே வந்து போய்ப் பார்க்க வேண்டும். அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த பத்து மீற்றர்.

அப்படிப் பார்க்க வந்தவர்கள் நாலு பேர். அப்பா. கண்ணிவெடியில் கால் போய் ஜெய்ப்பூர்க் கால் போட்டு நடக்கிற ஓர் அண்ணை. வெள்ளைப் பிரம்போடு பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், கையால் சுற்றுகிற மூன்று சக்கரச் சைக்கிளில் லொத்தர் சீட்டு விற்கிற இன்னோர் அண்ணை. எங்களுக்குத் தெரியாத எல்லாம் இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. மேசன் ஐயா ரியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தார். ஒழுங்கைக்கும் கட்டுக்கும் மூன்றடி நாலங்குல வித்தியாசம். அப்படியென்றால் நாற்பதடிச் சரிவு. அவ்வளவு நீளத்துக்கு நேராகப் போக இடமில்லை, அதனால் கட்டின் வெளிப்பக்கச் சரிவோடு ஒட்டித் திருப்பிக் கொண்டு போனோம். நடுவில் மூச்சு வாங்கி நிற்க ஐந்தடிக்கு ஐந்தடி சமதரை. நாற்காலி அந்த இடத்தில் முழுவதும் திரும்பும். சரிவை மட்டும் இன்டர்லொக் கல்லால் போட்டோம், அது கட்டின் மேல் இல்லாததால் அனுமதி கிடைத்தது.

மேலே வழித்தெடுத்த சல்லியை அடியில் போட்டு இறுக்கி, அதன் மேல் வன்னியில் இருந்து வந்த கிரவல் மண்ணை மூன்றங்குலம் மூன்றங்குலமாகப் பரவி, தண்ணீர் தெளித்து, மண் இறுக்குகிற மெசினை வாடகைக்கு எடுத்து இறுக்கினோம். மொத்தமாகக் கொட்டி ஒரேயடியாக இறுக்கினால் மேல்பகுதிதான் இறுகும், அடி இளகியே கிடக்கும். ஜெய்ப்பூர்க் கால் அண்ணை நடந்து பார்த்துவிட்டு, "நிலம் பத்து மடங்கு நல்லாத்தான் கிடக்கு, ஆனா குளத்துப் பக்கம் சாயுது, முழங்கால் நோகுது" என்றார். கண்ணுக்குத் தெரியாத சாய்வு. அளந்தால் நாலடி அகலத்தில் மூன்றங்குலம். மழைநீர் வடிவதற்கு ஓரங்குலம் போதும். திரும்பக் கிளறி அதைச் சரிசெய்தோம். அதன்பிறகு அப்பாவின் நாற்காலியும் ஒரு பக்கம் இழுக்கவில்லை.

பிரம்போடு வந்த பிள்ளை சொன்னது இன்னொன்று. பிரம்பு நிலத்தைத்தான் சொல்லும், தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று சொல்லாது. மேற்குக் கரை மருதமரத்தின் ஒரு கொப்பு அவளுடைய நெற்றியில் இடித்தது. நாங்கள் எல்லோரும் நாளுக்குப் பத்துத் தரம் குனிந்து போன கொப்பு அது. குனிகிறோம் என்றே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏழடிக்குக் கீழே இருந்த கொப்புகளை வெட்டினோம். குளத்துப் பக்க ஓரத்தில் நாலங்குல உயரத்தில் கல் வரிசை வைத்தோம், பிரம்புக்கும் வழி தெரியும், சில்லும் வழுக்காது. வரிசையில் அங்கங்கே இடைவெளி விட்டால்தான் தண்ணீர் வடியும். வாய்க்கால் குறுக்கிடுகிற இடத்தில் போட்ட இரும்புக் கம்பித் தட்டியிலும் பிழை இருந்தது. கம்பிகள் போகிற திசையிலேயே இருந்தால் சின்னச் சில்லு அதற்குள் இறங்கிவிடும். தட்டியைத் திருப்பி, கம்பிகளைக் குறுக்காக வைத்தோம். அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொண்டோம்.

இனி வாசல். எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது இதில்தான்.

பாதை அரைவாசி முடியும்போதே மோட்டார் சைக்கிள்கள் ஏறத் தொடங்கிவிட்டன. இறுக்கிய கிரவலை இரவோடு இரவாகக் கிழித்துவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் தடுப்புப் போட வேண்டும் என்றோம். குழாய்க் கம்பியால் வளைந்து போகிற மாதிரி ஒரு வாசல். நாற்காலி மூன்றரையடி நீளம், அது திரும்பிப் போய்விடும். மோட்டார் சைக்கிள் ஆறரையடி, திரும்பாது. கணக்கு சரியாக இருந்தது. வெல்டிங் முடிந்த அன்று லொத்தர் அண்ணை வந்தார். அவருடைய சைக்கிளும் ஆறடிக்கு மேல் நீளம். வாசலில் மாட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு பக்கம் பூட்டுப் போட்ட படலை வைப்போம், திறப்பை பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்போம், அண்ணை வரும்போது திறந்து விடலாம் என்று ஒருவர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார், எனக்கும் அது சரியாகப் பட்டது. அண்ணை சொன்னார்: "நீங்கள் எல்லாரும் நினைச்ச நேரம் வருவியள். நான் திறப்புக் கேட்டு நிக்கவேணுமோ? அந்த வீட்டுக்காரர் கோயிலுக்குப் போனா நான் திரும்பிப் போறதோ?" கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு குரல் உயர்ந்தது. ஓர் ஆளுக்காக முழுப் பாதையையும் மோட்டார் சைக்கிளுக்குத் திறந்து விடுவதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கிரவல் சுமந்து கை கொப்பளித்தவர்கள் அவர்கள், கோபம் நியாயம்தான். ஆனால் அப்பாவை "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல வைத்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. நான் அண்ணையின் பக்கம் பேசினேன். இன்றைக்கும் அதே பக்கம்தான். வேறு ஒருவரின் தயவில் திறக்கிற வாசலை வாசல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வளைவு வாசலை அறுத்து எடுத்தோம். மூன்றரையடி இடைவெளி விட்டு இரண்டு கல் தூண் மட்டும். மோட்டார் சைக்கிள் வரலாம்தான். அதைத் தடுத்தது விளையாட்டுக் கழகப் பொடியள். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அவர்களுக்குத் தெரிந்தவர்கள். கூப்பிட்டுக் கதைத்தார்கள், சிலரைச் சனிக்கிழமை கிரவல் சுமக்கவும் கூட்டி வந்தார்கள். தன் கையால் இறுக்கிய இடத்தில் ஒருவனும் பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டவில்லை. காலையும் மாலையும் ஆட்கள் நடக்கத் தொடங்கியதும் மற்றவர்களும் குறைந்தார்கள். முழுவதும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதத்தில் ஒரு தடம் விழும், திருத்துவோம்.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வேலை ஓடவில்லை. வெளிநாட்டில் இருந்து காசு அனுப்ப முன்வந்த ஒருவர் பெயரோடு வளைவு கட்டக் கேட்டார், அதற்குப் பதிலாகச் சாய்மனை உள்ள வாங்குகள் கேட்டோம், அனுப்பினார். கை பிடித்து எழும்ப ஏதுவாகக் கைப்பிடியும் உள்ள ஆறு வாங்கு. புரட்டாதியில் நானூற்று இருபது மீற்றரும் முடிந்தது.

இப்போது காலை ஐந்தரைக்கே பெண்கள் வந்துவிடுகிறார்கள். மாதத்தின் முதல் சனி மிஸ்ஸி அக்கா மருதமரத்தடியில் பிரஷர் பார்க்கிறார், கொப்பியில் எழுதி வைக்கிறார். கூடக் காட்டுகிறவர்களை அவரே கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறார். புருசன் செத்த பிறகு வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்த எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு சுற்று நடந்துவிட்டு, மூன்றாவது வாங்கில் ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்கிறார். லொத்தர் அண்ணை பின்னேரத்தில் இரண்டு சுற்று. அப்பா நாற்காலியில் இருந்தபடி தண்ணீரின் மட்டத்தைப் பார்த்து எனக்குச் சொல்கிறார்: "இந்தமுறை படிக்கட்டில் நாலாவது படி வரைக்கும் வந்திட்டுது."

போன மாரியில் கிழக்குக் கரையில் ஒரு முப்பது மீற்றர் கரைந்து போனது. வாய்க்கால் பக்கம் கல் வரிசையில் இடைவெளி போதவில்லை, தண்ணீர் பாதை மேலே ஓடிவிட்டது. அதைத் திருத்த வருகிற சனி காலை ஆறரைக்குக் கூடுகிறோம். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே வடிகாலின் மூடி ஒன்று உடைந்து கிடக்கிறது. அந்த இடத்தில் இன்றைக்கும் நாற்காலியை இரண்டு பேர் தூக்கித்தான் தாண்ட வைக்க வேண்டும். அதற்குக் கடிதம் கொடுத்து இரண்டு மாதம். மாஸ்டர் இந்தமுறை தாள்களை முதல் நாளே குத்திக் கொடுத்திருக்கிறார்.