தாயுமானவருக்கு ஒரு வாழைத்தார்

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு ஒன்பது வருடமாகக் கொடுக்காமல் இருந்த நேர்த்திக்கடன் இது. அம்மா போன் பண்ணும்போதெல்லாம் கடைசியில் "தார் இன்னும் குடுக்கலைடி" என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் வைப்பாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஏதோ ஒரு கல்யாணம், ஏதோ ஒரு அவசரம், மலைக்கோட்டையைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்ததுதான் மிச்சம். இந்தக் கோடை விடுமுறையில்தான் அது கூடி வந்தது. காலையில் காந்தி மார்க்கெட்டுக்குப் போய், பேரம் பேசி (அம்மா பேசினாள், நான் தள்ளி நின்றேன்), நல்ல பூவன் தார் ஒன்று வாங்கினோம். என் கணவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டார். நான், அம்மா, மகள், அவர், தார் என்று ஐந்து பேர் கிளம்பினோம்.

அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் படி ஏற வேண்டும். உச்சிப் பிள்ளையார் வரைக்கும் 417 படி என்பார்கள், தாயுமானவர் சன்னதி நடுவழியிலேயே வந்துவிடும். மே மாத வெயிலில் வெறுங்காலோடு ஏறப் பயந்தவர்களுக்கு ஒரு ஆறுதல், கீழ்ப்பகுதிப் படிகள் எல்லாம் கூரைக்கும் பாறைக்கும் உள்ளே போவதால் கல் சில்லென்று இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி. இருபது படிக்கு ஒருமுறை ஓரமாக உட்கார்ந்துகொள்வாள், உட்கார்ந்த இடத்தில் எல்லாம் மகளுக்குக் கதை.

கதை திருச்சிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரத்னாவதி என்று ஒரு செட்டிப் பெண், நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்குப் பூம்புகாரிலிருந்து அவள் அம்மா வர வேண்டும். எண்ணெய், மருந்து, பத்தியச் சாமான் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவள் காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே மாட்டிக்கொண்டாள். இக்கரையில் பெண்ணுக்கு வலி வந்துவிட்டது. சிவபெருமானே அந்த அம்மாவின் உருவத்தில் வந்து, கூடவே இருந்து, பிரசவம் பார்த்து, குழந்தையைக் குளிப்பாட்டி, தாய்க்கு மருந்து கொடுத்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து வாசலில் நிற்கிறாள், உள்ளே இன்னொரு அம்மா! எல்லாரும் திகைத்து நிற்கும்போதே ஒருத்தி மறைந்துவிட்டாள். செவ்வந்திநாதர் என்ற பெயர்கொண்ட சாமி அன்றிலிருந்து தாயும் ஆனவர். சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இதை இன்றைக்கும் நடத்திக் காட்டுகிறார்கள், கர்ப்பிணிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். சுகப்பிரசவம் ஆனவர்கள் வாழைத்தார் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம்.

"அம்மாச்சி, நான் பொறந்தப்பவும் நீங்க வரலைதானே?" என்றாள் மகள். அவளுக்குப் பாதி தெரியும். மீதியைச் சொல்லத்தான் நானும் உட்கார்ந்தேன்.

2015 டிசம்பர். சென்னையில் இருந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லவே வேண்டாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்றுதான் எல்லாம் பேசி, வளைகாப்பும் முடிந்தது. ஆனால் எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்ததால் டாக்டர் பயணமே வேண்டாம் என்றுவிட்டார். சரி, நான் போக முடியாவிட்டால் அம்மா வரட்டும் என்று 2ஆம் தேதி இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் அவளுக்கு டிக்கெட். நாள் குறித்திருந்தது 18. பதினைந்து நாள் முன்னாடியே வருகிறாளே, போதாதா?

1ஆம் தேதி பெய்த மழை அப்படி ஒரு மழை. அன்று இரவு அடையாறு கரை உடைத்துக்கொண்டது போல ஓட, மறுநாள் எங்கள் மடிப்பாக்கம் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை, ரயில் எல்லாம் ரத்து, விமான நிலையமே மூடிக் கிடந்தது. 2ஆம் தேதி சாயங்காலம் எனக்கு வலி வந்தது. ஆட்டோவும் வராது, ஆம்புலன்ஸும் வராது. கடைசியில் பக்கத்துத் தெருவில் நின்ற ஒரு தண்ணீர் லாரியின் முன்சீட்டில் என்னை ஏற்றினார்கள். ஊரே தண்ணீரில் மிதக்கும்போது தண்ணீர் லாரியில் பிரசவத்துக்குப் போனவள் நானாகத்தான் இருப்பேன்.

நங்கநல்லூர் பக்கம் மேட்டில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். டீசல் தீர்ந்துவிடக் கூடாதென்று ஜெனரேட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள். டாக்டர் நடந்தே வந்து சேர்ந்தார், இரண்டு நர்ஸ், ஒரு ஆயாம்மா. அந்த ஆயாம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். மாற்று ஆள் வர முடியாததால் முந்தின நாள் காலையிலிருந்து அவர்தான் வேலையில் இருந்தார். நான் அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டே இருந்தேன் போல. கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா வர்ற வரிக்கும் நான்தான் உங்கம்மா. கத்தினா தெம்பு பூடும் கண்ணு, மூச்ச இஸ்து உடு" என்றார். பிடித்த கையை விடவே இல்லை. இடுப்பில் எண்ணெய் தேய்த்துவிட்டார், வெந்நீர் கொடுத்தார், நடுவில் ஒருமுறை நான் அவர் கையைக் கடித்துக்கூட வைத்தேன், அதற்கும் சிரித்தார். விடிவதற்கு முன்னால், மூன்றரை மணிக்கு மேல், டார்ச் வெளிச்சத்தில் இவள் பிறந்தாள். வியாழக்கிழமை, மக நட்சத்திரம். குழந்தைத் துணி வைத்திருந்த பை லாரியிலேயே நனைந்து போயிருந்தது. ஆயாம்மா தன் மாற்றுப் புடவையை எடுத்துக் கிழித்து இவளைச் சுற்றி என் பக்கத்தில் படுக்க வைத்தார். ஊதா நிறம், வாயில் ரகப் புடவை. நல்லா துவைச்சதுதான் பயப்படாதே என்று வேறு சொன்னார். அந்தத் துணி பத்தே நாளில் நைந்துபோய்த் தூக்கிப் போட்டுவிட்டோம், எடுத்து வைக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

காலையில் நர்ஸ் சொல்லித்தான் தெரியும், ஆயாம்மாவின் வீடு சைதாப்பேட்டையில் ஆற்றோரம். இரண்டு நாளாக வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொழுது விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார், நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்து சேர்ந்தது 5ஆம் தேதி. பஸ் மாறி மாறி, கொஞ்ச தூரம் நடந்து, பிரசவ லேகியமும் பூண்டும் வசம்பும் விளக்கெண்ணெயும் பழைய வேட்டித் துணியுமாக ஒரு பெரிய பை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னாள், "தாயுமானவர்டி." அந்த நிமிஷமே தாரும் நேர்ந்துகொண்டாள்.

எனக்கு அது அன்றைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. போகப் போகத்தான் உறுத்த ஆரம்பித்தது. சாமி என்று சொல்லிவிட்டால் மறைந்து போனதில் ஆச்சரியம் இல்லை, யாரும் தேட வேண்டியதில்லை. ஆனால் அவர் மறைந்து போகவில்லையே, மூழ்கிப்போன வீட்டைப் பார்க்கத்தானே போனார்? பத்து நாள் கழித்து என் கணவர் ஒரு புடவையும் கொஞ்சம் பணமும் எடுத்துக்கொண்டு போய் விசாரித்தார். வேலைக்கு வருவதில்லை என்றார்கள். பெயர் கேட்டதற்கு ஒரு நர்ஸ் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறொன்று சொன்னார். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்த பலரைப் பிறகு பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள், அங்கே போயிருக்கலாம். ராத்திரி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் நான் பெயரைக் கேட்கவில்லை. வலியில் தோன்றவில்லை என்று எத்தனை நாள்தான் சொல்லிக்கொள்வது.

இதையெல்லாம் படியில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது என் கணவர் தாரைத் தோள் மாற்றிக்கொண்டார். மகள் ஒன்றும் பேசவில்லை.

தாயுமானவர் பெரிய லிங்கத் திருமேனி. மேற்குப் பார்த்த சன்னதி. அதற்கும் ஒரு கதை உண்டு. சாரமாமுனிவரின் செவ்வந்தித் தோட்டத்துப் பூவை ஒருவன் திருடி உறையூர் ராஜாவுக்குக் கொடுக்க, ராஜா அவனைத் தண்டிக்காமல் விட்டதால் சாமி உறையூர்ப் பக்கம் கோபமாகத் திரும்பிவிட்டாராம். எங்கள் வீடு உறையூர். "முறைச்சுக்கிட்டேதான் நம்மளையும் காப்பாத்துறாரு" என்பாள் அம்மா. சம்பந்தர் பாடிய தலம். மட்டுவார் குழலம்மை சன்னதியில் அன்று நல்ல அலங்காரம், மல்லிகைப் பந்து வாசனை வெளியே வரைக்கும் வந்தது.

தாரைக் கொடுத்துவிட்டு அர்ச்சனைக்கு நின்றோம். குருக்கள் மகள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார், சொன்னேன். அப்புறம், "இன்னொருத்தருக்கும் பண்ணணும் சாமி" என்றேன்.

"பேர் சொல்லுங்கோ."

"தெரியாதுங்க."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது."

"அப்ப சுவாமி பேருக்கே பண்ணிடலாமே" என்றார். எல்லாக் கோயிலிலும் சொல்வதுதான். தலையாட்டியிருப்பேன், ஆனால் எனக்கு வாய் வரவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். மகள்தான் கம்பியைப் பிடித்து எக்கி நின்று, "ஆயாம்மா, சைதாப்பேட்டை" என்றாள், ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் சொல்கிற குரலில்.

குருக்கள் ஒரு நொடி நின்று அவளைப் பார்த்தார். சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மணிச் சத்தத்தில் அவர் என்ன சொல்லி அர்ச்சனை பண்ணினார் என்று எனக்குக் கேட்கவில்லை. நாலு சீப்புப் பழம் திருப்பிக் கொடுத்தார்கள். இறங்கும்போது படியில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் மகள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். மாணிக்க விநாயகர் வருவதற்குள் காம்பு மட்டும்தான் மிஞ்சியது.